மாமனாருக்கு ‘அந்த இடத்தில்’ புண், பயாப்ஸி எடுக்கச் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வண்ணை மருமகன் | செவ்வாய், இரவு 11.48

இதை எங்கே கேட்பது என்று தெரியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். மாமனாருக்கு வயது 62. வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு பக்கம் முப்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. துணி துவைக்கும்போது வேட்டியில் கறையைப் பார்த்தது அத்தைதான். அத்தை என் மனைவியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லி, கடைசியில் கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது. மாமனாரிடம் மருமகன் கேட்கிற கேள்வியா இது? மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று அரை மணி நேரம் மெட்ரோ வாட்டர், கரண்ட் பில் என்று சுற்றி வளைத்துப் பேசின பிறகுதான் வாயைத் திறந்தார்.

ஒன்றரை வருடமாம். சின்ன வயதிலிருந்தே முன்தோல் முழுதாகப் பின்னால் போகாதாம். போன வருடம் தோலுக்கு அடியில் பட்டாணி மாதிரி ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. அப்புறம் நீர் கசிவு, நாற்றம், ரத்தக் கறை. வலி இல்லை. வலி இல்லாததால் விட்டுவிட்டார். முதலில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ஆயின்மென்ட். பிறகு மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் ஒரு ‘பரம்பரை’ ஆளிடம் போயிருக்கிறார். அவர் பார்க்கக்கூட இல்லை. நாடி பிடித்துவிட்டு ‘வெட்டைச் சூடு’ என்று லேகியமும் பொடியும் கொடுத்து ஆறாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். அதன் பிறகு ஒரு தோல் கிளினிக். அங்கே சுகர் 240 இருந்ததால் பூஞ்சை என்று சொல்லி மூன்று மாதம் க்ரீம்.

போன வாரம் நான் யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு நிமிடம் பார்த்தார். வலது தொடையிடுக்கில் சுண்டைக்காய் அளவில் ஒரு நெறி கட்டியிருப்பதையும் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே பயாப்ஸி என்றார். மாமா இப்போது வர மாட்டேன் என்கிறார். ‘கத்தி பட்டா பரவிடும் மாப்ள’ என்று ஒரே பிடிவாதம். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி எங்களுக்கு நடக்கிற தூரம், அதனாலேயே அங்கே வேண்டாமாம். வார்டில் பாதிப் பேர் அவரிடம் பேன்ட் தைத்தவர்களாக இருப்பார்கள்.

என் கேள்விகள் இவ்வளவுதான். பயாப்ஸி எடுத்தால் பரவுமா? இன்னும் ஒரு மாதம் மருந்து போட்டுப் பார்க்கலாமா? கேன்சர்தான் என்றால் முழுவதும் எடுத்துவிடுவார்களா?


ராத்திரி டூட்டி | புதன், காலை 6.20

இப்போதுதான் டூட்டி முடிந்தது, பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். யூராலஜி வார்டில் 14 வருடமாக நர்ஸ்.

கத்தி பட்டால் பரவாது. இந்தப் பேச்சு எப்படி வந்தது தெரியுமா? நம் ஆட்கள் முற்றின பிறகுதான் கத்திக்கு வருகிறார்கள். வந்த சில மாதத்தில் போய்விடுகிறார்கள். பழி கத்தி மேல் விழுகிறது. மாமாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், தையல்காரருக்குக் கத்தரியைப் பற்றிச் சொன்னால் புரியும்.

பயாப்ஸி என்பது பெரிய ஆபரேஷன் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் நல்ல தோலும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு சின்னத் துண்டு எடுப்பார்கள். நடுவில் எடுத்தால் அழுகின சதைதான் வரும், லேபில் ஒன்றும் சொல்ல முடியாது. தோல் பின்னால் போகவில்லை என்றால் முன்தோலை மேல்பக்கமாகக் கொஞ்சம் கீறித் திறந்து எடுப்பார்கள். ஓரிரண்டு தையல், அன்றைக்கே வீடு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுகரைக் குறைக்க வேண்டும்தான், ஆனால் சுகர் குறையட்டும் என்று பயாப்ஸியைத் தள்ளிப் போடாதீர்கள்.

எனக்குப் புண்ணைவிட அந்த நெறிதான் கவலை. நெறி எல்லாமே கேன்சர் இல்லை. இந்த மாதிரிப் புண்ணில் சீழ் பிடித்தாலும் நெறி கட்டும். முன்பெல்லாம் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து, வாடுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் கை வைப்பார்கள். இப்போது அப்படிக் காத்திருக்கச் சொல்வதில்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் குத்தி செல் எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். ஊசியில் ஒன்றும் வரவில்லை என்றாலும் சந்தேகம் இருந்தால் மறுபடி எடுப்பார்கள். இதைக் கேட்டு வாங்குங்கள்.

‘ஒரு மாதம் மருந்து’ என்பதற்கு என் பதில்: ஒன்றரை வருடம் போட்டாயிற்றே.


சுக்குமல்லி | புதன், காலை 9.05

அவசரப்பட்டு அறுக்க வேண்டாம் நண்பரே. படிகாரத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். எங்கள் தாத்தாவுக்கு இதே மாதிரி இருந்து சித்த வைத்தியத்தில் ஆறியது. இங்கிலீஷ் டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் கேன்சர் என்பார்கள்.


மூன்றாம் பிளாட்பாரம் | புதன், காலை 10.31

சுக்குமல்லி, உங்கள் தாத்தாவுக்கு இருந்தது என்னவென்று யாராவது பரிசோதித்தார்களா? ஆறின புண் கேன்சராக இருந்திருக்காது. எனக்கும் படிகாரத் தண்ணீர் தெரியும், ஏனென்றால் நானும் அதில்தான் கழுவினேன். ஐந்து மாதம்.

இந்தக் களத்தில் எட்டு வருடமாகக் கிரிக்கெட்டும் ரயிலும் மட்டும் பேசிக்கொண்டிருந்தவன் நான். இதை இதுவரை எழுதினதில்லை. மருமகனின் பதிவைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு, எனக்கு 47 வயது. குறியின் நுனியில் இருக்கிற மொட்டின் மேல் சிவப்பாக வெல்வெட் துணி மாதிரி ஒரு திட்டு. பிறகு அதில் ஒரு பக்கம் கெட்டியாகிக் காலிஃபிளவர் பூ மாதிரி எழும்பியது. குறியில் மொட்டு, முன்தோல், இந்த இரண்டில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்குமாம், தண்டில் குறைவு. நான் அதை மனைவியிடமிருந்தே மறைத்தேன். இருட்டில் உடை மாற்றுவேன். அவள் நான் வேறு எங்கோ போகிறேன் என்று நினைத்துவிட்டாள். சண்டை முற்றி அவள் அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டின அன்றைக்குத்தான் காட்டினேன். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘ஏன்யா இதுக்கா’ என்றாள். மறுநாள் காலை டோக்கன் வாங்கினது அவள்தான்.

எனக்கு முழுவதும் எடுக்கவில்லை. பாதி. மூன்றாவது கேள்விக்கு என் பதில் இது: எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. தோலோடு நிற்கிற ஆரம்பக் கட்டம் என்றால் தடவுகிற கீமோ க்ரீம், லேசர் என்று போய்விடும். முன்தோலில் மட்டும் இருந்தால் முன்தோலை எடுத்தாலே சிலருக்குப் போதும். மொட்டில் மட்டும் இருந்தால் மொட்டை எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் பாதி. அடிவரை போயிருந்தால்தான் முழுவதும்.

பாதி எடுத்த பிறகு நின்றுகொண்டே சிறுநீர் போகிறேன். முதல் இரண்டு மாதம் தண்ணீர் நாலா பக்கமும் தெறிக்கும், பிறகு பழகிவிடும். எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காத விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தாம்பத்தியம் முடியும். முன்பு மாதிரி இல்லை, ஆனால் உணர்ச்சி போகவில்லை. இதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் இரண்டு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க மாட்டேன்.


நெறியாளர் | புதன், பகல் 12.10

உணர்ச்சிவசப்பட்டு யாரையும் திட்டி எழுத வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். படங்கள் எதையும் ஏற்ற வேண்டாம், ‘இது என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று தனிமடலிலும் அனுப்ப வேண்டாம். நேற்றிலிருந்து எனக்கே நான்கு வந்துவிட்டன.


பல்லாவரம் பாஸ்ட் | புதன், மாலை 4.44

நெறியாளர் பெயரிலேயே நெறி இருக்கிறது, அவருக்கு அனுப்பாமல் யாருக்கு அனுப்புவது.

கிண்டல் போகட்டும், ஒரு சந்தேகம். சுன்னத் செய்தவர்களுக்கு இது வராது என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் எல்லோரும் செய்துகொள்ளலாமே?


ஓய்வுபெற்ற கத்தி | புதன், இரவு 9.15

அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து ஓய்வு பெற்றவன். இந்த இழையை மகன் காட்டினான்.

பல்லாவரம், பிறந்த கொஞ்ச நாளிலோ சிறு வயதிலோ செய்துகொண்டவர்களுக்கு இந்த நோய் மிக மிக அபூர்வம். வராது என்று சொல்ல முடியாது. பெரியவரான பிறகு செய்தால் அதே அளவு பாதுகாப்பு கிடைப்பதாகத் தெரியவில்லை, ஏனென்றால் பல வருட எரிச்சல் அதற்குள் தன் வேலையைச் செய்திருக்கும். விஷயம் மதம் இல்லை. முன்தோல் பின்னால் போக வேண்டும், தினமும் கழுவ வேண்டும், அவ்வளவுதான். தோல் தாராளமாகப் பின்னால் போகிறவருக்கு இதற்காக ஆபரேஷன் தேவையில்லை. போகாதவருக்கு, இறுக்கம் இருப்பவருக்கு, அடியில் வெள்ளையாக மாவு மாதிரி சேர்ந்து அடிக்கடி வீங்குபவருக்குத் தேவை. என் அனுபவத்தில் இந்த நோயோடு வந்தவர்களில் பாதிக்கு மேல் தோல் இறுக்கம் உள்ளவர்கள். ‘கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும் சார்’ என்பார்கள். தெரிந்து என்ன?

இன்னொரு அறிகுறியும் உண்டு. முன்தோலின் விளிம்பு வெள்ளையாகத் தழும்பு மாதிரி கெட்டியாகிச் சுருங்கிக்கொண்டே வரும், சிறுநீர்த் துவாரமும் குறுகும். இது கேன்சர் இல்லை, ஆனால் பின்னாளில் சிலருக்கு அப்படி மாறும். கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

மற்றக் காரணங்களில் முக்கியமானது எச்பிவி வைரஸ். பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் தருவதும் அதுதான், 16 என்று எண் போட்ட வகைதான் இங்கேயும் அதிகம். ஆனால் எல்லா நோயாளிக்கும் அது இருப்பதில்லை, ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். ஆகவே ‘தப்பான வழியில் போனவனுக்கு வருகிற நோய்’ என்று வீட்டில் யாரும் முணுமுணுக்க வேண்டாம். கட்டின மனைவியைத் தவிர யாரையும் தொடாதவர்களுக்கும் வந்து பார்த்திருக்கிறேன்.

புகையிலையும் ஒரு காரணம். பீடி, சிகரெட் மட்டுமில்லை, வாயில் அடக்குகிற மாவாவும்தான். வாயில் போடுவது கீழே என்ன செய்யும் என்று சிரிப்பார்கள். ரத்தத்தில் கலப்பது எல்லா இடத்துக்கும் போகும்.

மேலை நாடுகளில் இது லட்சம் ஆண்களில் ஒருவருக்குக்கூட வருவதில்லை, நம் நாட்டில் அதைவிட அதிகம். லண்டனில் படித்துவிட்டு வந்த சக மருத்துவர் ஒருவர் அங்கே ஒரு வருடத்தில் பார்த்ததை இங்கே ஒரே மாதத்தில் பார்த்ததாகச் சொன்னார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறவர், இருந்தாலும்.

மருமகனுக்கு ஒரு வார்த்தை. நர்ஸ் அம்மா சொன்னது சரி. இந்த நோயில் ஆளைக் கொல்வது குறியில் இருக்கிற கட்டி இல்லை, தொடையிடுக்கில் இருக்கிற நெறிதான். குறி உடம்பின் நடுக்கோட்டில் இருப்பதால் அதன் நிணநீர் வடிகால் இரண்டு பக்கத்து நெறிக்கும் ஓடும். வலதில் கட்டியிருக்கிறதென்று வலதை மட்டும் பார்க்கக் கூடாது. கையில் எதுவுமே தட்டுப்படாதவர்களில்கூட நான்கைந்து பேரில் ஒருவருக்கு நெறிக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவியிருக்கும். அதனால்தான் ஆழமாக இறங்கின கட்டி என்றால் நெறி தெரியாவிட்டாலும் திறந்து பார்க்கிறார்கள்.

மார்பகப் புற்றுநோயில் இப்போது எல்லோரும் பேசுகிற ‘காவல் நெறி’, அதாவது வடிகாலில் முதலாவதாக இருக்கிற கணுவை மட்டும் எடுத்துப் பார்ப்பது, அந்த யோசனையை 1977-இல் கபானாஸ் என்பவர் முன்வைத்தது இந்தக் குறிப் புற்றுநோயில்தான். மார்பகத்துக்குப் பெயர் கிடைத்தது, இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை.


வண்ணை மருமகன் | 9 நாள் கழித்து, இரவு 10.02

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் இந்த இழையை அப்படியே படித்துக் காட்டினேன். மூன்றாம் பிளாட்பாரம் எழுதினதை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு, ‘அந்த ஆள் நிஜமாவே நின்னுக்கிட்டுப் போறாரா?’ என்றார். மறுநாள் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறிச் சென்ட்ரலில் இறங்கி எதிரில் ஜி.எச்., அதாவது அரசுப் பொது மருத்துவமனைக்குப் போனோம். அடையாறுக்குப் போகலாம் என்றுதான் நான் சொன்னேன். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்த இடம், இந்த நோய்க்கே தனி ஆஸ்பத்திரி. மாமா மறுத்துவிட்டார். சென்னையில் அடையாறு என்பது பாதிப் பேருக்கு ஏரியா பெயர் இல்லை, வியாதியின் பெயர். ‘ஆட்டோவுல ஏறி அடையாறுன்னு சொன்னா தெருவுக்கே தெரிஞ்சிடும்’ என்கிறார். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் கேன்சர் பிரிவு இருக்கிறது என்றார்கள். எங்களுக்கு ஜி.எச். வசதி.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது தோல் செல்லில் வருகிற கேன்சர், கிரேடு 2. வலது நெறியில் ஊசி போட்டு எடுத்ததிலும் கேன்சர் செல் இருக்கிறது. ரிப்போர்ட்டை வாங்கினது நான். படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். வீட்டுக்கு வந்தால் அத்தை கேட்ட முதல் கேள்வி, ‘எனக்கும் ஒட்டிக்குமா’ இல்லை. ‘அவர் இனி கோயிலுக்கு வரலாமா’ என்பதுதான். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. ஏன் வரக்கூடாது என்றேன்.

அடுத்து எம்ஆர்ஐ, சிடி. ரிப்போர்ட்டில் கிரேடு 2 என்றால் இரண்டாம் கட்டமா?


ஓய்வுபெற்ற கத்தி | அன்றே, இரவு 11.20

இல்லை. கிரேடு வேறு, கட்டம் வேறு. கிரேடு என்பது செல்லின் குணம்: 1 சாது, 3 முரடு, 2 இடைப்பட்டது. கட்டம் என்பது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. தோலுக்கு அடியோடு நின்றால் டி1. சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கிற பஞ்சுத் திசுவுக்குள் போனால் டி2. மேலே இருக்கிற இரட்டைத் தண்டுக்குள், அதாவது விறைப்பைத் தருகிற பகுதிக்குள் போனால் டி3. பக்கத்து உறுப்புகளுக்குத் தாவினால் டி4. எம்ஆர்ஐ எடுப்பது இதைப் பார்க்கத்தான். சில இடங்களில் ஊசி போட்டு விறைக்கச் செய்து எடுப்பார்கள், படம் தெளிவாக வரும். பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், திடீரென்று சொன்னால் எழுந்து ஓடிவிடுவார். ஊசி இல்லாமலும் எடுக்கிறார்கள்.

சிடி, இடுப்புக்குள்ளும் வயிற்றிலும் நெஞ்சிலும் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க.


ராத்திரி டூட்டி | மறுநாள், காலை 6.35

அத்தைக்கு: கேன்சர் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். ஆனால் எச்பிவி வைரஸ் கணவன் மனைவிக்குள் பரவக்கூடியது, அதனால் அத்தையும் ஒரு தடவை கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

காப்பீட்டு அட்டை இருக்கிறதா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம், வருடத்துக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் போங்கள். ஜி.எச்.சில் ஆபரேஷனுக்குப் பணம் கேட்க மாட்டார்கள், அட்டை இருந்தால் நாளைக்கு வேறு ஆஸ்பத்திரி போக நேர்ந்தாலும் உதவும்.


பல்லாவரம் பாஸ்ட் | அன்றே, பகல் 1.15

கத்தியே வேண்டாம், கரண்ட் மட்டும் கொடுத்துக் குணப்படுத்த முடியாதா? எங்கள் சித்தப்பாவுக்குத் தொண்டையில் அப்படித்தான் செய்தார்கள்.


ஓய்வுபெற்ற கத்தி | அன்றே, மாலை 5.50

முடியும், சிலருக்கு. நாலு சென்டிமீட்டருக்குள், மொட்டோடு நிற்கிற கட்டி என்றால் மெல்லிய ஊசிகளைக் குறுக்கே செருகி அதன் வழியாக உள்ளேயே கதிர் கொடுப்பார்கள். உறுப்பு பிழைக்கும். பழக்கமுள்ள கை வேண்டும், எல்லா ஊரிலும் கிடையாது. அதற்கு முன்பு முன்தோலை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கதிரில் வெந்து வீங்கிவிடும். பிறகு சிறுநீர்க் குழாய் சுருங்கலாம், புண் ஆற நாளாகலாம். நெறியில் ஏறிவிட்ட பிறகு அதை மட்டும் நம்ப முடியாது.

வெட்டுகிறவர்களும் மாறியிருக்கிறார்கள். நான் படித்த காலத்தில் கட்டிக்குப் பின்னால் இரண்டு சென்டிமீட்டர் நல்ல சதையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது வேதவாக்கு. அதனாலேயே எத்தனையோ பேருக்கு மிச்சம் வைக்க இடமில்லாமல் முழுவதும் எடுத்தோம். இப்போது சில மில்லிமீட்டர் போதும் என்கிறார்கள். அதே மேஜையில் நான் வெட்டினதில் எத்தனை மிச்சம் பிடித்திருக்கலாம் என்று சில ராத்திரி நினைப்பதுண்டு.


வண்ணை மருமகன் | 5 வாரம் கழித்து, மாலை 7.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். எம்ஆர்ஐயில் டி2. வயிற்றிலும் நெஞ்சிலும் ஒன்றும் இல்லை. பாதி எடுத்து, இரண்டு பக்க நெறியையும் சேர்த்து எடுத்தார்கள். ரிப்போர்ட்: வலதில் 11 நெறியில் 2-இல் கேன்சர், நெறியின் உறையைத் தாண்டவில்லை. இடதில் 9-இல் ஒன்றும் இல்லை. இடுப்புக்குள் இருக்கிற நெறியை எடுக்கத் தேவையில்லை, கீமோவும் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். இது நல்ல செய்திதானே?

குறிப் புண் பத்து நாளில் ஆறிவிட்டது. கஷ்டம் தொடையில்தான். யாருமே இதைச் சொல்லவில்லையே! வலது பக்கம் தோலின் ஓரம் கறுத்து, தையல் விட்டுப்போய், தினமும் டிரெஸ்ஸிங். வெள்ளையாக நீர் கோத்துக்கொண்டு இரண்டு தடவை ஊசியால் எடுத்தார்கள். ட்யூபோடு மூன்று வாரம். மாமா வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு டிரெஸ்ஸிங்கில் கத்தினார். கத்தினது வலிக்காக இல்லை, டிரெஸ்ஸிங் செய்த பையன் பிளாஸ்திரியைக் கோணலாக வெட்டிவிட்டானாம்.

இப்போது வலது கால் வீங்குகிறது. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு யானைக்கால் என்று முடிவு கட்டிவிட்டார். மாமா மறுக்கவில்லை. அவருக்கு அது வசதியாகப் போய்விட்டது.


ஓய்வுபெற்ற கத்தி | அன்றே, இரவு 8.50

நல்ல செய்திதான். ஒரு பக்கம், இரண்டுக்குள், உறை தாண்டவில்லை, மூன்றும் அவருக்குச் சாதகம். மூன்று நெறியோ அதற்கு மேலோ, அல்லது உறை உடைந்தோ இருந்தால் இடுப்புக்குள் போக வேண்டியிருக்கும். நெறி பெரிதாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருபவர்களுக்கு முதலில் மூன்று மருந்து சேர்ந்த கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டுத்தான் கத்தி. அந்தக் கட்டத்தில் வருபவர்களைப் பார்ப்பது வேதனை. நெறியில் பரவாதவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் ஐந்து வருடம் தாண்டிவிடுவார்கள். இடுப்புக்குள் ஏறிவிட்டால் ஐந்தில் ஒருவர் தேறுவதே பெரிது. உங்கள் மாமா இரண்டுக்கும் நடுவில், மேல் படிக்குப் பக்கமாக நிற்கிறார்.

தொடைப் புண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்றீர்கள். நானே சொல்லியிருக்க வேண்டும். முதலிலேயே சொன்னால் ஆபரேஷனுக்கு வர மாட்டார்களோ என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. தப்புதான்.

முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். திரும்ப வந்தால் பெரும்பாலும் அந்த இரண்டு வருடத்துக்குள்தான். அப்புறம் ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் குளிக்கும்போது அவரே தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.


ராத்திரி டூட்டி | மறுநாள், காலை 6.15

கால் வீக்கத்துக்கு: படுக்கும்போது காலுக்கு அடியில் இரண்டு தலையணை. இறுக்கமான காலுறை அளவெடுத்து வாங்க வேண்டும், கடையில் தொங்குவதை எடுக்காதீர்கள். காலில் செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது, சின்னக் கீறலும் சீழ் பிடிக்கும், சுகர் வேறு இருக்கிறது. கால் திடீரென்று சிவந்து காய்ச்சலோடு குளிர் எடுத்தால் அன்றைக்கே வந்துவிடுங்கள். இந்தியன் டாய்லெட் என்றால் உட்கார்ந்து எழுவது கஷ்டம், மேலே வைக்கிற ஸ்டூல் கிடைக்கிறது. சும்மா உட்கார வைக்காதீர்கள், மெதுவாக நடக்கட்டும்.


கேள்விக்குறி 19 | மறுநாள், இரவு 1.07

புது கணக்கு ஆரம்பித்து எழுதுகிறேன். எனக்கு 24 வயது. எனக்கும் தோல் பின்னால் போகாது. புண் எதுவும் இல்லை. போன வாரம் முழுக்க இந்த இழையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்த டாக்டரிடம் போக வேண்டும்? அம்மாவுக்குத் தெரியாமல் செய்ய முடியுமா?


மூன்றாம் பிளாட்பாரம் | அன்றே, காலை 7.40

யூராலஜி ஓ.பி. புண் இல்லாத 24 வயதில் வருவது சிரித்த முகத்தோடு திரும்பி வருகிற கேஸ். சிலருக்கு ஸ்டீராய்டு க்ரீமிலேயே தோல் இளகிவிடும், இல்லையென்றால் சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். பதினெட்டு தாண்டிவிட்டீர்கள், கையெழுத்து உங்களுடையது. அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். ஆனால் தெரிந்தால் அவர்தான் முதல் ஆளாக டோக்கன் வாங்குவார், என் வீட்டு அனுபவம். எச்பிவி தடுப்பூசி பற்றியும் அப்படியே கேளுங்கள், 2022-இல் அனுமதி கிடைத்த நம் நாட்டு ஊசி ஆண்களுக்கும் உண்டு. எந்த வயது வரை போடலாம் என்பதை அவர்கள் சொல்வார்கள்.


சுக்குமல்லி | அன்றே, காலை 11.02

மருமகன், மாமா தேறி வருவதில் மகிழ்ச்சி. அன்றைக்கு நான் எழுதினதை நீக்கச் சொல்லி நெறியாளரிடம் கேட்டேன், அடுத்த பதிவு புரியாமல் போகும் என்று மறுத்துவிட்டார். அப்படியே இருக்கட்டும்.


வண்ணை மருமகன் | 4 மாதம் கழித்து, மாலை 6.18

முதல் மூன்று மாத செக்கப் முடிந்தது. ஒன்றும் இல்லை.

மாமா மெஷினில் உட்கார்ந்துவிட்டார். பெடல் மிதித்தால் கால் வீங்குகிறது என்று மோட்டார் மாட்டிக் கொடுத்தேன். முதலில் தனக்கே தைத்துக்கொண்டார்: பழைய வேட்டியைக் கிழித்து, முன்பக்கம் இரண்டு மடிப்பு, தொடையிடுக்கில் தையலே வராமல் தளர்வாக ஒரு அரைக்கால் நிக்கர். கடையில் வாங்குகிறதெல்லாம் சரியாகத் தழும்பின் மேல் தையலை வைத்துத் தைத்திருக்கிறார்களாம், அந்தக் கம்பெனிக்காரர்களை ஒரு பிடி பிடித்தார். செக்கப்புக்குப் போன அன்று வார்டில் ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்க, இப்போது ஆறு பேருக்குத் தைத்துக்கொண்டிருக்கிறார். காசு வாங்குவதில்லை. அளவு எடுக்கும்போது எவ்வளவு எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார். ஆறு மாதத்துக்கு முன்பு என்னிடம் மொட்டை மாடியில் அரை மணி நேரம் வாய் திறக்காத மனிதர்.


மூன்றாம் பிளாட்பாரம் | அன்றே, மாலை 6.41

எனக்கு இரண்டு. இடுப்பு 36. வெள்ளை வேண்டாம்.